சைக்கிளைச் சுமக்கும் மோட்டார் வண்டி



மனிதனைச் சுமப்பதற்கென்று ஆக்கப்பட்டது சைக்கிள். அந்தச் சைக்கிளையே மோட்டார் வண்டி சுமந்து செல்லும் காட்சி மேலைநாட்டு வீதிகளில் இன்று மிகச் சாதாரணமானது. பிரித்தானியாவிலோ, ஜேர்மனியிலோ, அவுஸ்திரேலியாவிலோ விடுமுறை நாளொன்றில் நெடுஞ்சாலையைக் கவனித்தால், கார்களின் கூரை மேலும் முதுகுப்புறத்தும் இரண்டும் மூன்றுமாகச் சைக்கிள்கள் ஏறிப்போவதைக் காணலாம். நகரத்து நெருக்கடியிற் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டுவது எளிதன்று. ஆதலால் காட்டுப் பாதைக்கோ, ஏரிக்கரைக்கோ காரிற் சென்று, அங்கே சைக்கிளை இறக்கி ஓட்டி மகிழ்கிறார்கள். அந்நாடுகளிற் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் பலவும் இப்பழக்கத்தை மேற்கொண்டுள்ளன.

இவ்வாறு ஏற்றிச் செல்வதற்குக் காரிற் பூட்டப்படும் சாதனத்தைச் சைக்கிள் தாங்கி என்று குறிப்பிடலாம். எல்லாச் சைக்கிளும் எல்லாத் தாங்கியிலும் பொருந்துவதில்லை. வழக்கமான வடிவத்தினின்று மாறுபட்ட சைக்கிள்களை எவ்வாறு பாதுகாப்பாக ஏற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டு காரணங்களால் இது சிறிய விஷயமன்று. மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரிலிருந்து இருபது கிலோ எடையுள்ள சைக்கிள் கழன்று விழுமாயின், பின்னால் வருபவரின் உயிருக்கே அது ஆபத்தாகும். இது முதற் காரணம். தாங்கியிற் பொருந்தாத சைக்கிள் பெரும்பாலும் யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். தாயினுடையதாக இருக்கும், வயது முதிர்ந்தவருடையதாக இருக்கும், சிறு பிள்ளையினுடையதாக இருக்கும், உடற் குறைபாட்டினாற் சாதாரணச் சைக்கிளை ஓட்ட இயலாதவருடையதாக இருக்கும். "பொருந்தவில்லை" என்ற ஒரு சொல்லினால் வீட்டிலே விட்டுச் செல்லப்படுவோர் இவர்களே. இது இரண்டாவது காரணம்.

சைக்கிள் ஏன் தாங்கியிற் பொருந்தாமற் போகிறது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் கவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் ரோவர் என்னும் சைக்கிளை வெளிக்கொணர்ந்தார். ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சில்லுகளையும், பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் முறையையும் கொண்ட அந்தச் சைக்கிள் பெருவெற்றி கண்டது. அதற்குப் பின்வந்த சில ஆண்டுகளுக்குள் சைக்கிளின் சட்டம் ஒரு நிலையான வடிவத்தை அடைந்தது. இரண்டு முக்கோணங்களை முதுகோடு முதுகாக ஒட்டி வைத்தாற் போன்ற வடிவம் அது. வைரக்கல்லின் வடிவத்தை ஒத்திருந்தமையால் அதனை வைரச் சட்டம் என்று ஆங்கிலத்தில் வழங்கலாயினர்.

முக்கோணம் உறுதியான உருவம். நான்கு கோல்களை மூலைகளில் ஆணியடித்து இணைத்தால் அது சாய்ந்து நெளியும். மூன்று கோல்களை அவ்வாறு இணைத்தால் அது நெளியாது. குறைந்த உலோகத்தைக் கொண்டு மிகுந்த வலிமையைப் பெறும் இவ்வழியை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் கைவிடவில்லை. இந்தச் சட்டத்தின் உச்சியில், ஆசனத்துக்கும் கைபிடிக்கும் இடையே, நிலத்துக்குச் சமாந்தரமாக ஓடும் குழாயைத்தான் நம்மவர் "பார்" என்பர். தந்தையார் பிள்ளையை இருத்திக்கொண்டு செல்லும் இடம் அதுவே. பழைய உருக்குச் சைக்கிள்களில் அந்தப் பாரின் விட்டம் பெரும்பாலும் ஓர் அங்குலம். அதற்குக் கீழே சரிந்து செல்லும் குழாயின் விட்டம் ஓர் அங்குலமும் அரைக்கால் அங்குலமும். உருண்டையான, மெல்லிய, நேரான குழாய்கள். கையாற் பிடிப்பதற்கும் கொளுக்கியில் தொங்கவிடுவதற்கும் இவற்றை விடப் பொருத்தமானவை வேறில்லை.

ஓட்டப் போட்டி விதிகளும் இவ்வடிவத்துக்குத் துணைநின்றன. 1933ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு வீரர் பிரான்சிஸ் போர், சாய்ந்து படுத்தவாறு ஓட்டும் சைக்கிளொன்றில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேற் கடந்து பழைய சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் அவ்வகைச் சைக்கிள்களைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. 1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில் கிறிஸ் போட்மன் வெற்றி பெற்ற சைக்கிளிற் குழாய்களாலான சட்டமே இருக்கவில்லை. காபன் நாரினால் ஒரே உடலாக வார்க்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகள் அத்தகைய சட்டங்களுக்கும் தடை விதித்து, இரு முக்கோண வடிவத்தையே வீதியோட்டப் போட்டிகளில் மீண்டும் வலியுறுத்தின. போட்டி வீரர் எதனை ஓட்டுகிறாரோ அதனையே கடைகளும் விற்கும். கடைகளில் எது மிகுதியோ அதற்கேற்பவே தாங்கி செய்பவரும் செய்வர். இவ்வாறு பாருள்ள சைக்கிளே சைக்கிள் என்னும் எண்ணம் தாங்கிகளின் அமைப்பிலும் பதிந்துவிட்டது.

மாறுபட்ட வடிவங்கள் எக்காலத்தும் இருந்தே வந்தன. நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்காகப் பாரைத் தாழ்த்தி அமைத்த சைக்கிள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. மினி காரின் இறப்பர் வில்லமைப்பை ஆக்கிய பொறியியலாளர் அலெக்ஸ் மோல்ற்றன், 1962ஆம் ஆண்டிற் பதினாறு அங்குலச் சில்லுகளோடும் தடித்த ஒற்றைத் தண்டோடும் புதுவகைச் சைக்கிளொன்றை வெளியிட்டார். அதிற் பாரே இல்லை. ஆயினும், அதன் வகைகளுள் ஒன்றை நடுவிலே இரண்டாகப் பிரித்துக் காரின் பின்பெட்டிக்குள் வைக்கக்கூடியதாக இருந்தது. வடிவம் மாறினால் ஏற்றும் முறையும் மாற வேண்டும் என்பதை அவர் சைக்கிளை வரையும்போதே சிந்தித்திருந்தார் என்பது தெளிவு. இக்காலத்தில் மடக்கும் சைக்கிள் வைத்திருப்போருக்கும் இதுவே சிறந்த வழி. மடித்துப் பெட்டிக்குள் வைக்கக்கூடிய ஒன்றை வெளியே தொங்கவிட வேண்டியதில்லை.

இனி, தாங்கிகளுக்கு வருவோம். இன்று வழக்கிலுள்ளவற்றை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது தொங்கு தாங்கி. காரின் பின்கதவிலே பட்டிகளாற் கட்டப்பட்டோ, இழுவைக் குமிழிற் பூட்டப்பட்டோ இது நிற்கும். இழுவைக் குமிழ் என்பது பின்னால் இழுவை வண்டியைக் கொழுவுவதற்காகக் காரிற் பொருத்தப்பட்ட உருக்குக் குண்டு. தொங்கு தாங்கியிலிருந்து இரண்டு கைகள் பின்னோக்கி நீண்டிருக்கும். அவற்றின் மேற் சைக்கிளின் பாரை வைத்துக் கட்டுவர். விலை குறைந்தது, ஆனால் பாரை முற்றாக நம்பியிருப்பது.

இரண்டாவது கூரைத் தாங்கி. கூரையின் குறுக்குச் சட்டங்களில் நீண்ட தவாளிப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சைக்கிளின் சில்லுகள் அதில் நிற்க, நிமிர்ந்த கையொன்று சரிந்த குழாயைக் கவ்விப் பிடிக்கும். வேறு சிலவற்றில் முன்சில்லைக் கழற்றி, முன்கவையின் நுனிகளைத் தாங்கியிலுள்ள அச்சிற் பூட்டுவர். இன்னும் சில, சைக்கிளின் சட்டத்தைத் தொடாமல் முன்சில்லை மட்டும் வளைத்துப் பிடிப்பவை.

மூன்றாவது மேடைத் தாங்கி. இழுவைக் குமிழின் மேற் சிறு மேடை போல் அமர்ந்து, இரு சில்லுகளையும் தவாளிப்புகளில் ஏந்துவது. விலை மிகுந்தது, தானும் பாரமானது, எனினும் வடிவ வேறுபாடுகளை மிக நன்றாகப் பொறுத்துக்கொள்வது.

இம்மூன்றையும் ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டது? சில்லுகளின் மேல் நின்று பாரம் சுமப்பதற்காக. வீதியின் மேடு பள்ளங்களால் எழும் அதிர்ச்சிகள் யாவும் சில்லுகளின் வழியே அச்சுகளுக்கு ஏறி, அங்கிருந்தே சட்டத்தை அடைகின்றன. அதனைத் தாங்குமாறே சட்டம் அமைக்கப்பட்டுள்ளது. பாரைப் பிடித்துத் தொங்கவிடுவதற்காக எவரும் சைக்கிள் செய்வதில்லை. ஆதலால் வடிவம் எவ்வளவு விசித்திரமாயினும், அதன் பாரத்தைச் சில்லுகளாலோ அச்சுகளாலோ தாங்கச் செய்வதே இயல்பான முறை. மேலே பிடிக்கும் கை, சைக்கிள் சாயாமல் நிறுத்துவதற்கு மட்டுமே இருத்தல் வேண்டும். இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் ஏனையவை தாமே விளங்கும்.

பெண்கள் சைக்கிளை முதலில் எடுத்துக்கொள்வோம். தாழ்ந்து சரிந்த அதன் குழாயைத் தொங்கு தாங்கியின் கைகளில் வைத்தால், சைக்கிள் ஒருபுறம் சாய்ந்து தொங்கும். ஒரு சில்லு நிலத்தை நெருங்கும். அல்லது காரின் புகைக்குழாய்க்கு நேரே வந்து நிற்கும். புகைக்குழாயின் வெப்பம் ரயரை உருக்கிவிடக்கூடியது. இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் ஒரு கோல் விற்கப்படுகிறது. அதன் ஒரு முனை ஆசனத் தண்டையும், மறுமுனை கைபிடியின் கழுத்தையும் கவ்விக்கொள்ளும். இல்லாத பாரின் இடத்தில் நிற்பதால் இதனைப் பொய்ப்பார் என்று அழைக்கலாம்.

பொய்ப்பார் நல்ல உபாயம். ஆனால் அளவறிந்து கையாள வேண்டிய உபாயம். சைக்கிளின் முழுப் பாரமும் இப்போது ஆசனத் தண்டிலும் கைபிடியின் கழுத்திலும் தங்குகிறது. ஆசனத் தண்டை இறுக்கும் பிடி சற்றே தளர்ந்திருந்தாலும், கார் குலுங்கும்போது தண்டு மேல்நோக்கி இழுபடும். எனவே ஏற்றுமுன் அப்பிடியை நன்கு இறுக்குதல் அவசியம். பிறேக்குக் கம்பிகள் கோலுக்கும் கழுத்துக்கும் இடையில் நசுங்காமற் பார்த்துக்கொள்ள வேண்டும். கோலைச் செய்தவர் அதற்கு ஒரு பார எல்லை குறித்திருப்பார். சாதாரணச் சைக்கிளுக்கு அது போதும், மின்சாரச் சைக்கிளுக்குப் பெரும்பாலும் போதாது.

மின்சாரச் சைக்கிள் இன்று முதியோருக்குப் பெருந்துணையாக விளங்குகிறது. ஏறுவதற்கு எளிதாகவே அவற்றுட் பல பாரில்லாமல் அமைகின்றன. பார் இல்லாமை ஒன்று, பாரம் மிகுதி மற்றொன்று என இருவிதத்திலும் அவை தொங்கு தாங்கிக்கு ஒவ்வாதவை. சாதாரணச் சைக்கிள் பன்னிரண்டு முதற் பதினைந்து கிலோ இருக்க, இவை இருபது முதல் இருபத்தெட்டுக் கிலோ வரை இருக்கும். இவற்றுக்கு உரியது மேடைத் தாங்கியே. ஏற்றுமுன் பற்றரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் மூன்று கிலோ அளவு பாரம் குறையும். மழை நீரிலிருந்தும் அது காக்கப்படும். இருபத்தைந்து கிலோவை இடுப்பளவுக்குத் தூக்குவது முதியவரால் இயலாது. சைக்கிளை உருட்டி ஏற்றுவதற்கான சாய்பலகை சில மேடைத் தாங்கிகளுக்கு உண்டு. வாங்கும்போது அதனையும் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

இங்கே சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு காரின் கைந்நூலில், இழுவைக் குமிழ் தாங்கக்கூடிய பாரம் 75 கிலோ என்று குறிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தாங்கியின் சொந்தப் பாரம் 18 கிலோ. இருபத்தைந்து கிலோ எடையுள்ள மின்சாரச் சைக்கிள்கள் இரண்டு 50 கிலோ. கூட்டினால் 68 கிலோ, எல்லைக்குள் இருக்கிறது. மூன்றாவதாகப் பன்னிரண்டு கிலோச் சைக்கிளொன்றை வைத்தால் 80 கிலோ, எல்லை கடந்துவிட்டது. இரு பற்றரிகளையும் கழற்றினால் 74 கிலோ. மயிரிழையில் எல்லைக்குள் வந்துவிடும். இது கார் ஏற்கும் கணக்கு. தாங்கி ஏற்கும் கணக்கு வேறு. மொத்தமாக எவ்வளவு, ஒவ்வொரு தவாளிப்பிலும் எவ்வளவு என்று தாங்கியிலேயே பொறித்திருக்கும். இரண்டு கணக்குகளுட் சிறியது எதுவோ, அதுவே உங்கள் எல்லை. பாரமான சைக்கிள் காரை ஒட்டியும், இலேசானது வெளிப்புறத்தும் நிற்றல் வேண்டும். தூரம் கூடக் கூட அதே பாரம் மிகுந்த விசையோடு இழுக்கும் என்பது துலாவைக் கண்ட எவருக்கும் தெரிந்ததே.

அடுத்து வருவது காபன் நார்ச் சட்டம். உருக்குக் குழாயின் உருண்டை வடிவம் இதில் இல்லை. காற்றைக் கிழிப்பதற்காகத் தட்டையாகவும், இடத்துக்கு இடம் தடிப்பு மாறியும் குழாய்கள் அமைந்திருக்கும். காபன் நார், எத்திசையில் விசை வருமென எதிர்பார்த்து அடுக்கப்பட்டதோ அத்திசையில் உருக்கையும் வெல்லும் உறுதியுடையது. இருபுறத்திலிருந்தும் கவ்வி நசுக்கினால், மெல்லிய சுவர் வெளியே தெரியாமல் உள்ளே வெடிக்கக்கூடும். அவ்வெடிப்பு ஏற்றிய நாளிற் புலப்படாது. பின்னொரு நாள் இறக்கத்தில் வேகமாக ஓடும்போது புலப்படும். ஆதலாற் காபன் சட்டத்தைக் கவ்வும் கையால் இறுக்கலாகாது. முன்சில்லை வளைத்துப் பிடிக்கும் தாங்கியோ, முன்கவையைப் பூட்டும் தாங்கியோ இதற்கு ஏற்றது.

முன்கவையைப் பூட்டுவதிலும் ஒரு நுட்பமுண்டு. பழைய சைக்கிளின் முன்கவை நுனியில் ஒன்பது மில்லிமீற்றர் அச்சுக்கான பிளவு இருக்கும். இப்போதையவற்றிற் பிளவுக்குப் பதிலாகத் துளையிருக்க, அதனூடே தடித்த அச்சு ஊடுருவிச் செல்கிறது. வீதிச் சைக்கிளில் அதன் விட்டம் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர், மலைச்சைக்கிளில் 15 மில்லிமீற்றர், சிலவற்றில் 20. கவையின் அகலமும் 100 அல்லது 110 மில்லிமீற்றர் என வேறுபடும். எனவே தாங்கி வாங்குமுன் இவ்விரு அளவுகளையும் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். தட்டுப் பிறேக்குள்ள சைக்கிளின் சில்லைக் கழற்றிய பின் பிறேக்கை அழுத்தலாகாது. அழுத்தினால் உள்ளிருக்கும் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும், தட்டு மீண்டும் நுழைய இடமிராது. மடித்த மட்டைத் துண்டொன்றை அவற்றிடையே செருகி வைத்தால் இத்தொல்லை நேராது.

முன்னும் பின்னும் வில்லமைந்த மலைச்சைக்கிளில், முக்கோணத்தின் நடுவெளியை அதிர்ச்சி தாங்கும் உருளை அடைத்துக்கொண்டிருக்கும். தொங்கு தாங்கியின் கைகள் நுழைவதற்கு இடமில்லை. நுழைந்தாலும் அசையும் மூட்டுகளோடு உராய்ந்து பழுதாக்கும். இதற்கும் மேடையே புகலிடம். நான்கு அங்குலத் தடித்த ரயருள்ள சைக்கிளுக்கு மேடை மட்டும் போதாது. அத்தகைய ரயருக்கென்றே அகலமாகச் செய்த தவாளிப்பும் நீண்ட பட்டியும் தேவை.

சிறு பிள்ளையின் சைக்கிளில் முக்கோணம் மிகச் சிறியது. தாங்கியின் கைகள் இரண்டும் அதற்குள் அடங்கா. சில்லுகளின் இடைவெளி குறைவாதலால் மேடையின் தவாளிப்புகளிலும் அது ஒழுங்காக அமராது. காருக்குள் இடமிருந்தால், உள்ளே படுக்கவைத்துக் கட்டுவதே நேர்வழி. இல்லாவிடில், சிறிய சில்லுகளுக்கென்று விற்கப்படும் நீட்டுத் தகட்டைத் தவாளிப்பிற் பொருத்தலாம்.

இருவர் ஓட்டும் இரட்டைச் சைக்கிளுக்கு நீளமே சிக்கல். சாதாரணச் சைக்கிளின் இரு அச்சுகளுக்கும் இடையே ஒரு மீற்றர் அளவு. இரட்டைச் சைக்கிளில் அது ஒன்றே முக்கால் மீற்றரை நெருங்கும். முழு நீளம் காரின் அகலத்தையும் மிஞ்சுவதால், பின்புறத்திற் குறுக்காக வைத்தால் இருமருங்கும் நீட்டி நின்று ஏனைய வாகனங்களுக்கு ஆபத்தாகும். ஆகவே கூரையின் மேல் நெடுக்காகவே ஏற்ற வேண்டும். முன்கவையைப் பூட்டும் பகுதி சுழலுமாறு அமைந்த நீண்ட தாங்கிகள் இதற்கென உள்ளன. முன்கவையை முதலிற் பூட்டி, பின்பகுதியைத் தூக்கிச் சுழற்றி நேராக்கினால் ஒருவரே ஏற்றிவிடலாம். கண்பார்வை இழந்தோர் பலர் பின்னாசனத்தில் அமர்ந்து சைக்கிளோட்டத்தின் இன்பத்தைப் பெறுவது இரட்டைச் சைக்கிளினாலேயே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

சாய்ந்து ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிளும், கால்கள் இயங்காதோர் கைகளாற் சுழற்றி ஓட்டும் சைக்கிளும் இன்னும் வேறானவை. இவற்றுக்குப் பாருமில்லை, ஒரே நேர்கோட்டிற் சில்லுகளுமில்லை. மூன்று சில்லுகளுக்கும் மூன்று தவாளிப்புகள் கொண்ட மேடைத் தாங்கிகள் உண்டு. அவை கிடையாதவிடத்து, சில்லுகளைக் கழற்றி, பின்னாசனத்தை மடித்து, காருக்குள்ளேயே வைப்பர். கூரை மேல் ஏற்றுவது பொருந்தாது. தனக்கென ஓட்ட வேண்டியவரே தலைக்கு மேல் தூக்க இயலாதவராக இருக்கக்கூடுமல்லவா?

எவ்வகைத் தாங்கியாயினும் பொதுவான சில விதிகள் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் உணரும் விசை நூறு கிலோமீற்றரில் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. ஆதலாற் பிள்ளையின் இருக்கை, கூடை, காற்றடிக்கும் பம்பு, தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மழைக்கு அஞ்சிச் சைக்கிளைத் துணியாற் போர்த்தினால் அது பாயாக மாறிக் காற்றை வாங்கும். பட்டியை விறைப்பாக இழுத்துக் கட்டும்போது அதனை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால், ஓடும்போது எழும் இரைச்சல் நிற்கும். பின்கதவிற் கட்டும் தாங்கியின் கொளுக்கிகளை உலோக விளிம்பிலேயே மாட்ட வேண்டும். கண்ணாடியிலோ பிளாஸ்டிக் விளிம்பிலோ மாட்டலாகாது. தாங்கியின் பிடியொன்றையே நம்பாமல், தனிப் பட்டியொன்றினாற் சைக்கிளைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டுவது நன்று. ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும்.

கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்துப் பலமாக அசைத்துப் பாருங்கள். சைக்கிள் அசையும்போது காரும் கூடவே அசைந்தால் கட்டு நன்று. சைக்கிள் மட்டும் அசைந்தால் கட்டு தளர்வு. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பின் நிறுத்தி மறுபடியும் சோதிக்க வேண்டும். தளரக்கூடிய பட்டிகள் பெரும்பாலும் அந்த முதற் தூரத்திலேயே தளர்ந்துவிடும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பின்புறத் தாங்கி காரின் இலக்கத் தகட்டையோ விளக்குகளையோ மறைக்குமாயின், பிரித்தானியாவில் அது குற்றம். இலக்கத் தகட்டை மறைத்தால் ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். தாங்கியின் மேல் மேலதிகத் தகடும் விளக்குப் பலகையும் பொருத்த வேண்டும். அவுஸ்திரேலிய மாநிலங்கள் பலவற்றிற் சைக்கிள் தாங்கிக்கென்றே தனித் தகடு பெறும் ஏற்பாடு உண்டு. கூரையில் ஏற்றியவருக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. ஒன்றரை மீற்றர் உயரமுள்ள காரின் மேல் ஒரு சைக்கிள் நின்றால், மொத்த உயரம் இரண்டரை மீற்றரைத் தாண்டும். வாகனத் தரிப்பிடங்கள் பலவற்றின் வாயில் ஏறக்குறைய இரண்டு மீற்றரே. நாளெல்லாம் ஓட்டிக் களைத்து வீடு திரும்புபவர், தலைக்கு மேலிருப்பதை மறந்து கராஜினுள் நேரே நுழைந்து, சைக்கிளையும் தாங்கியையும் கூரையையும் ஒருங்கே இழந்த கதைகள் அந்நாடுகளிற் பல உண்டு. மொத்த உயரத்தை ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண்முன் ஒட்டி வைப்பது சிரிப்பிற்குரிய செயலன்று.

காரிற் பூட்டும் தாங்கி இல்லாமல், வான் கூரையிலோ லொறியிலோ கயிற்றாற் கட்டிச் சைக்கிளை ஏற்றுவோருக்கும் இங்கே கூறிய மூலவிதி பொருந்தும். பாரத்தைச் சில்லுகள் தாங்கட்டும். கயிறு சாயாமற் காக்கட்டும். மெல்லிய குழாயை நெரிக்குமாறு முடிச்சைப் போட வேண்டாம்.

நேயர்களே, தாங்கி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் காரின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். காரின் பெயர் மட்டும் போதாது. வீட்டிலுள்ள சைக்கிள்களுள் எது மிகப் பாரமானது, எது மிக விசித்திரமான வடிவுடையது என்று பார்த்து, அதனை உருட்டிக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள். அந்தச் சைக்கிளை ஏற்கும் தாங்கியில் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். பாருள்ள சைக்கிளை மட்டும் எண்ணி வாங்கிய தாங்கியில், அம்மாவின் சைக்கிளுக்கும் அப்பப்பாவின் சைக்கிளுக்கும் இடமிராது. குடும்பத்தில் யார் யார் பயணம் போகலாம் என்பதைத் தாங்கி தீர்மானிக்க விடலாகாது. யாவரும் போவது என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற தாங்கியைத் தேடுவதே முறையாகும்.